மம்பட்டி எடுக்கும் முன்: பொருநைக் கரைத் திரட்டில் அகழாய்வைத் திட்டமிடுவது எப்படி

எங்கள் தாமிரபரணிப் பக்கத்தில் (பொருநை என்பதும் அந்த ஆறுதான்) மேட்டு நிலத்துக்கு இரண்டு சொல் உண்டு: பரம்பு, திரடு. பரம்பு என்றால் கல்லும் சரளையுமாக, ஏர் இறங்காமல் கிடக்கிற வறண்ட மேடு. திரடு என்றால் சுற்றியுள்ள வயலைவிட உயர்ந்து, மண் பொலபொலவென்று, ஒரு மழை பெய்தால் பானை ஓடு தலைகாட்டுகிற மேடு. ஆதிச்சநல்லூரில் செத்தவர்களைப் புதைத்த தாழிகள் இருப்பது பரம்பில். சிவகளையிலும் தாழிகள் கிடைத்தது பரம்பில்தான். அங்கே ஆட்கள் குடியிருந்த தடத்தைத் தேடிக் குழி போட்டது வளப்பான்பிள்ளை திரட்டில். செத்தவர்களுக்கு விளையாத நிலம், இருப்பவர்களுக்குத் தண்ணீர்ப் பக்கத்து நிலம் என்று அந்தக் காலத்து ஆட்கள் போட்ட கணக்கு இன்னும் ஊர்ப்பேச்சில் கிடக்கிறது.

இங்கே நான் சொல்லப்போவது திரட்டைப் பற்றி மட்டும். தாழிக்காட்டில் வேலை செய்வது வேறு கலை. ஒரு தாழி என்பது ஒரு நாள் நடந்த காரியம்: குழி வெட்டினார்கள், வைத்தார்கள், மூடினார்கள். திரடு அப்படி இல்லை. வீடு கட்டி, அது இடிந்து, இடிந்த மண்ணை நிரவி அதன் மேலேயே இன்னொரு வீடு கட்டி, நடுவில் குப்பைக் குழி தோண்டி, அடுப்புச் சாம்பலைக் கொட்டி, நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தது அது. பல இடங்களில் இன்றைக்கும் அதன் மேல் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஆகவே திட்டம் போடும்போதே அந்தத் திரடு இன்னும் முடிந்துபோகவில்லை என்ற நினைப்பு வேண்டும்.

தொல்லியல் படித்துவிட்டு முதன்முதலாகக் களத்துக்கு வரும் பிள்ளைகளையும், ஊரில் ஒரு மேட்டைப் பார்த்துவிட்டு ‘இங்கே தோண்டினால் என்ன?’ என்று கேட்கும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் சட்டம், அதைச் சுருக்கமாக

தனி ஆள் தோண்ட முடியாது. உங்கள் சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் அகழாய்வு என்ற பெயரில் நீங்களாகக் குழி போட வழியில்லை. 1958ஆம் ஆண்டு தொல்லியல் சட்டப்படி உரிமம் இந்தியத் தொல்லியல் துறையிலிருந்து வரவேண்டும். மாநில அரசே தோண்டுவதானாலும் மத்திய அரசின் முன் அனுமதி தேவை. விண்ணப்பிப்பது பல்கலைக்கழகமோ துறையோ, ஆளாக இல்லாமல் நிறுவனமாக இருக்கும். உரிமம் பொதுவாக அக்டோபர் முதல் செப்டம்பர் வரையிலான பருவத்துக்கு என்று கணக்கு. இதை நினைவில் வையுங்கள், மழையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இன்னொன்று, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பத்து ரூபாய் அன்றைக்கு எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஊரில் யாராவது கிணறு வெட்டும்போது கிடைத்ததாக ஒரு பொருளை உங்கள் கையில் கொடுத்தால் சிரிப்பு வராது. வாங்கிப் பையில் போடாதீர்கள். கிடைத்த இடத்தில் வைத்தே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

பதிவேட்டைப் படியுங்கள்

திரட்டுக்கு நடப்பதற்கு முன்னால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். புல வரைபடமும் ‘அ’ பதிவேடும் வேண்டும். அதில் ‘நத்தம்’ என்றிருந்தால் குடியிருப்பு நிலம். ‘பாழ்நத்தம்’ என்றிருந்தால் ஒரு காலத்தில் ஆள் இருந்து பிறகு கைவிட்டுப் போன இடம். தொல்லியல்காரனுக்கு அந்த ஒரு சொல்லைவிடப் பெரிய வரவேற்பு கிடையாது. யாருக்குப் பட்டா, எது புறம்போக்கு, எதில் கோயில் நிலம் குறுக்கிடுகிறது என்பதெல்லாம் இதிலேயே தெரிந்துவிடும். பட்டா நிலமென்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம், பயிருக்கான இழப்பீடு, எத்தனை நாளில் மூடித் தருவோம் என்ற வாக்கு மூன்றையும் முதலிலேயே காகிதத்தில் கொண்டுவாருங்கள். அண்ணன் தம்பி ஐந்து பேருக்குக் கூட்டுப் பட்டா என்றால் ஐந்து பேரிடமும் வாங்குங்கள். நாலு பேர் சரி என்று சொன்ன நிலத்தில், மும்பையிலிருந்து ஐந்தாமவர் கோயில் கொடைக்கு வந்த அன்றைக்கு எங்கள் வேலை நின்றது.

ஊர்ப்பெயர்களையும் காது கொடுத்துக் கேளுங்கள். கொற்கையில் இன்றும் அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் இருக்கிறது. அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். பக்கத்திலேயே மாறமங்கலம், மாறன் என்ற பாண்டியப் பெயரோடு. பெயரை மட்டும் நம்பிக் குழி போடக்கூடாது, சரி. ஆனால் எந்தப் புலத்தில் கூடுதலாக நடந்து பார்க்க வேண்டும் என்பதற்கு அது ஒரு துப்பு.

நடந்து பார்ப்பது, காசில்லாமல் கிடைக்கும் குழிகள்

மேற்பரப்பு ஆய்வுக்கு நல்ல நேரம் மார்கழி கடைசி, தை. ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணைக் கழுவிவிட்டுப் போயிருக்கும்; புல் இன்னும் முழங்காலுக்கு வந்திருக்காது. உடைமரம் மண்டிக் கிடக்கும் திரடு என்றால் பாதையைச் சீர்செய்ய இரண்டு நாள் தனியாக ஒதுக்குங்கள்.

திரட்டை ஐந்தைந்து மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டினாற்போல வரிசையாக நடங்கள். ஓடு எங்கே அடர்த்தி, எங்கே கறுப்பு சிவப்பு (உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பழைய ஓடு), எங்கே வெறும் செங்கல் துண்டு என்று கட்டம் கட்டமாக எண்ணிக் குறியுங்கள். அழகாக இருப்பதை மட்டும் பொறுக்கும் பழக்கம் எல்லாருக்கும் இருக்கிறது, எனக்கும் உண்டு. அதனால் ஒரு கட்டத்தில் எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் எதையும் தொடாமல் எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். எலி வளை வாசலையும் கறையான் புற்றையும் விடாதீர்கள். ஒரு மீட்டர் கீழே கிடந்த பாசிமணியை எலி உங்களுக்காக மேலே தள்ளி வைத்திருக்கும். அதே எலி மேலே கிடந்ததைக் கீழேயும் கொண்டுபோயிருக்கும் என்பதைப் பிறகு காலக்கணிப்பின்போது மறக்கக்கூடாது.

இதைவிட முக்கியமானது, புதுசாக வருபவர்கள் கவனிக்காமல் போவது: ஏற்கனவே யாரோ வெட்டி வைத்த குழிகள். கிணற்றுச் சுவர், ஓடைக்கரை, சாலை போட ஜேசிபி மண் எடுத்த பள்ளம், கழிப்பறைக்குத் தோண்டிய உறைக்குழி. ஒரு நாள் கொத்தனார் கரண்டியால் அந்தச் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்தால், மண் அடுக்கு எத்தனை, ஆள் கை படாத கன்னிமண் எந்த ஆழத்தில் வருகிறது என்று அப்படியே வாசிக்கலாம். அந்தக் காலத்தில் நத்தமேட்டுச் சாம்பல் மண்ணை உரமென்று வண்டி வண்டியாக வயலுக்கு அடித்திருப்பார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் எந்தப் பக்கம் மண் எடுத்தார்கள் என்று கேட்டுப் படத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேடு எங்கே உயரமாக இருக்கிறதோ அங்கேதான் அடுக்கு அதிகம் என்று நினைத்துக் குழி போட்டால், சில சமயம் அது வேறு பக்கத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண்ணாக இருந்து தொலைக்கும்.

கருவி வைத்துப் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தரையை ஊடுருவும் ராடார் காய்ந்த மணலில் நன்றாகப் பேசும். ஈரக் களியிலும் உப்பு மண்ணிலும் ஊமையாகிவிடும். கொற்கை, காயல் பக்கம் அதை நம்பிப் பணம் கட்டுமுன் யோசியுங்கள். காந்தமானி கொண்டுவருபவர்களிடம், திருநெல்வேலி பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு ஒட்டி இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நம் கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்த ஆய்வகம் உட்கார்ந்திருப்பதே அதற்காகத்தான். ஐரோப்பாவில் சூளை படத்தில் தெரிகிற மாதிரியே இங்கே தெரியாது. காந்த அளவு ஏறும் இறங்கும் புள்ளிகள் இடம் மாறி விழும். அதைத் தெரியாமல் வாசித்தால் சூளைக்குப் பக்கத்து வெறும் மண்ணில் குழி வெட்டுவீர்கள்.

கேள்வி இல்லாமல் குழி இல்லை

‘என்ன கிடைக்கும்?’ என்று ஊரே கேட்கும். உங்கள் திட்டக் காகிதத்தில் அந்தக் கேள்வி இருக்கக்கூடாது. இந்தத் திரட்டில் முதலில் ஆள் வந்தது எப்போது? இரும்பு உருக்கியது இங்கேயா, வெளியிலிருந்து வாங்கினார்களா? பரம்பில் புதைக்கப்பட்டவர்கள் இந்தத் திரட்டில் வாழ்ந்தவர்கள்தானா? இப்படி ஒன்றோ இரண்டோ போதும். கேள்விதான் குழியின் இடத்தைத் தீர்மானிக்கிறது. காலத்தொடர்ச்சி வேண்டுமென்றால் அடுக்கு அதிகமுள்ள இடத்தில் ஆழமாக ஒரே ஒரு குழி. வீடு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமென்றால் ஆழம் குறைவாக, பரப்பு அகலமாக. இரண்டையும் ஒரே பருவத்தில் ஒரே ஆட்களை வைத்துச் செய்யப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகும்.

கொற்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிப்ளஸ் என்ற பழைய கிரேக்க நூலும், புவியியல் எழுதிய தாலமியும் ‘கொல்கோய்’ என்று சொல்லும் முத்துத் துறைமுகம். கடல் இன்று பல கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தை உள்நாட்டு ஊராக்கிவிட்டது. அங்கே ‘கடல் எப்போது விலகியது?’ என்பது உங்கள் கேள்வியானால் ஊர் மேட்டின் உச்சியில் பத்துக் குழி போட்டாலும் பதில் வராது. வயலில், தாழ்வான பக்கத்தில் குழாய் இறக்கி மண் எடுத்து, எந்த ஆழத்தில் கடற்சிப்பி நின்று ஆற்று வண்டல் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பஞ்சாங்கமும் காற்றும்

அக்டோபரில் உரிமம் வந்துவிட்டது என்று உடனே கூடாரம் அடிக்காதீர்கள். நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திறந்த குழி ஒன்று அப்படி ஒரு மழையைப் பார்த்தால் நான்கு சுவரும் கரைந்து நடுவில் உட்கார்ந்துவிடும். ஆகவே மழை மாதங்களைக் காகித வேலைக்கும் நில அளவைக்கும் கொடுத்துவிட்டு, பொங்கல் முடிந்து குழியைத் தொடங்குங்கள்.

தையில் தொடங்கினாலும் தடை இருக்கிறது. மாசி, பங்குனியில் பிசான நெல் அறுப்பு வரும், ஆள் கிடைக்காது. இப்போது அறுப்பை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது என்றாலும் நெல் காயப்போட, வைக்கோல் கட்ட வீட்டு ஆட்கள் வேண்டும். பங்குனி உத்திரத்தன்று ஒருவர்கூட வரமாட்டார்கள். திருநெல்வேலிச் சீமையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா கோயில், அது பெரும்பாலும் இருக்கிற ஊரை விட்டு எங்கேயோ ஒரு குளத்தங்கரையில் இருக்கும். முதல் நாளே வண்டி கட்டிப் போய்விடுவார்கள், மறுநாள் அசதி. மூன்று நாளைத் திட்டத்திலேயே அடித்துவிடுங்கள். ஊர் அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை எப்போது என்று கால்நாட்டுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதோடு நிற்காமல் கொடை வரி எவ்வளவு என்று கேட்டு அதையும் கொடுத்துவிடுவது நல்லது. அப்புறம் நூறு நாள் வேலை நடக்கும் வாரம் எது என்று ஊராட்சியில் விசாரியுங்கள்.

வைகாசி கடைசியில் காற்று தொடங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் ராதாபுரம் வட்டம் முழுக்கக் காற்றாலை நிற்கிறது. அதே வட்டத்தில் நம்பியாற்றங்கரையில் இருக்கிறது துலுக்கர்பட்டி. ‘புலி’ என்று தமிழியில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், கீறிய பானை ஓடு கிடைத்த திரடு. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, நிழல்துணி பறக்கும், வரைபடத் தாள் பறக்கும், சுத்தம் செய்து வைத்த தரைத்தளத்தில் பத்து நிமிடத்தில் புழுதி படியும். ஆனி வருவதற்குள் நுணுக்கமான வேலையை முடித்துவிட்டு, காற்று மாதங்களை ஓடு கழுவவும் வரையவும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிக்கழித்தால் நிம்மதியாகத் தோண்ட ஆண்டுக்கு நான்கு மாதம் தேறும். அதற்கு மேல் நேரம் போட்டு எழுதப்படும் திட்டங்களை நான் நம்புவதில்லை.

மண்ணை எங்கே கொட்டுவீர்கள்?

புதுசாகத் திட்டம் எழுதுகிறவர்கள் விட்டுவிடும் கணக்கு இது. ஒரு காற்குழி (பெரிய சதுரக் கட்டத்தில் கால் பங்குக் குழி) 4.5 மீட்டருக்கு 4.5 மீட்டர், ஆழம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60.75 கன மீட்டர். நம் ஆட்கள் பேசும் யூனிட் கணக்கில், அதாவது நூறு கன அடியில், ஏறக்குறைய இருபத்தொன்றரை யூனிட். வெட்டியெடுத்த மண் பொதபொதவென்று கால்வாசி கூடும். அப்படியென்றால் இருபத்தேழு யூனிட். நான்கு காற்குழி சேர்ந்தால் நூறு யூனிட்டைத் தாண்டும். டிராக்டருக்கு ஒரு யூனிட் என்றால் நூறு நடை.

அதை எங்கே கொட்டினாலும் அடுத்த ஆண்டு நீங்கள் தோண்ட நினைக்கும் இடம் அதற்கு அடியில்தான் இருக்கும். முதலிலேயே ஓடு அடர்த்தி இல்லாத பக்கத்தைக் குறித்து, காற்று அடிக்கும் திசைக்குக் கீழ்க்கையில் கொட்டும் இடத்தை வையுங்கள். மேல்மண்ணைத் தனியாக, அடிமண்ணைத் தனியாகக் குவியுங்கள். மூடும்போது மேல்மண் மேலே வந்தால்தான் நிலத்துக்காரர் மறு பருவத்தில் பயிர் வைக்க முடியும்.

கட்டம் போடுவது

மார்ட்டிமர் வீலர் 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்தபோது பழக்கிய கட்ட முறையைத்தான் இன்றும் பெரும்பாலும் பின்பற்றுகிறோம். பத்து மீட்டர் சதுரம். அதை நான்காகப் பிரித்தால் ஐந்து மீட்டர்க் காற்குழிகள். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் கால் மீட்டர் விட்டுத் தோண்டினால் பக்கத்துக் குழிக்கும் இதற்கும் நடுவே அரை மீட்டர் மண்சுவர் நிற்கும். களத்தில் இதைப் பால்க் என்பார்கள். அந்தச் சுவர்தான் உங்கள் சாட்சி. உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்ட பிறகு, எது எதற்கு மேலே இருந்தது என்று சொல்ல அது ஒன்றுதான் மிச்சம். அதன் மேல் நடக்காதீர்கள், நடக்க விடாதீர்கள், சாப்பாட்டுத் தூக்கை அதில் வைக்காதீர்கள்.

சதுரம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்கக் குறுக்கு அளவு: ஐந்து மீட்டர் கட்டத்துக்கு 7.07, பத்து மீட்டருக்கு 14.14. டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி இருந்தாலும் டேப் பிடித்து ஒருமுறை சரிபாருங்கள். ஊர்க் கொத்தனாரிடம் மூலைமட்டம், தூக்குக்குண்டு, ரசமட்டம் மூன்றையும் பிடிக்கப் பழகிக்கொண்டால் பாதிப் படிப்பு முடிந்தது. உயரத்துக்கான நிலைப்புள்ளியை நகராத ஒன்றில் வையுங்கள்: கோயில் படிக்கட்டு, பாலத்துச் சுவர். பனைமரத்தில் ஆணி அடித்து நிலைப்புள்ளி வைத்த குழுவைப் பார்த்திருக்கிறேன். அடுத்த பருவத்தில் பனையே இல்லை.

குழிக்குள் குழி

திரட்டில் வேலை செய்யும்போது நீங்கள் தோற்கப்போவது இதில்தான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நான் குழிப் பொறுப்பாளராக இருந்த முதல் பருவத்தில் 1.4 மீட்டர் ஆழத்தில் ஒரு கண்ணாடி உருண்டை வந்தது. இளம்பச்சை, குண்டுமணியைவிடப் பெரிது. சுற்றிலும் அருமையான கறுப்பு சிவப்பு ஓடுகள். எனக்குக் கை நடுங்கியது. உறையில் போட்டு, ‘கண்ணாடி மணி, துளை முற்றுப்பெறவில்லை’ என்று தொல்பொருள் பதிவேட்டில் அழகாக எழுதினேன். குழியில் மண் அள்ளிக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “எய்யா, இது கோலி சோடா குண்டுல்லா?” என்றாள்.

அது கோலி சோடா குண்டேதான். யாரோ நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன் அங்கே ஒரு குழி வெட்டி, பிறகு பக்கத்து மண்ணையே தள்ளி மூடியிருக்கிறார்கள். அந்த மண்ணில் பழைய ஓடும் இருந்தது, சோடா குண்டும் இருந்தது. மேலிருந்து அந்தக் குழியின் விளிம்பைப் பார்க்காமல் மூன்று நாளாக அதை ஓர் அடுக்கென்று நினைத்து இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் ஓடு அத்தனையும் ‘இடம் உறுதியில்லை’ என்ற மூட்டைக்குப் போனது.

விளிம்பைப் பிடிப்பது எப்படி என்று பிறகு அந்த ஆச்சியிடமே கற்றுக்கொண்டேன். மாலையில் தரையைச் சீராகச் சுரண்டி, பூவாளியில் மெல்லத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போக வேண்டும். காலையில் வெயில் ஏறும் முன் வந்து பார்த்தால் எல்லா மண்ணும் ஒரே மாதிரி காய்ந்திருக்காது. இறுகிய தரை வெளுத்திருக்கும், பிறகு நிரப்பிய குழி இன்னும் ஈரமாகக் கறுத்துக் கிடக்கும். விளிம்பு கோலம் போட்ட மாதிரி தெரியும். இன்னொன்று சத்தம். “தம்பி, மண்ணு சத்தம் மாறுதுல்லா” என்று அவள் சொன்னால் மம்பட்டியை நிறுத்திவிடுவோம். இறுகிய தரையில் இரும்பு ‘ணங்’ என்னும், நிரப்பிய மண்ணில் ‘பொத்’ என்னும். பட்டதாரிகளைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கவனமாக இப்படிக் காதுள்ள ஆட்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு காற்குழிக்கு ஒரு பொறுப்பாளர், ஆறேழு பேர் போதும். கூட்டம் சேர்ந்தால் ஆழம்தான் கூடும்.

விளிம்பு தெரிந்துவிட்டால் விதி எளிது: பிற்பட்டது முதலில் வெளியேற வேண்டும். குழியின் மண்ணைத் தனிப் பையில் முழுவதும் எடுத்துவிட்டு, பிறகுதான் சுற்றியுள்ள அடுக்கைத் தொட வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும், குழிக்கும், சுவருக்கும், தூண் குழிக்கும் தனித்தனி எண் கொடுத்து, எது எதை வெட்டுகிறது, எது எதற்கு மேல் என்று கோடு இழுத்து வையுங்கள். எட்வர்ட் ஹாரிஸ் 1973ல் வகுத்த அந்த வரைபட முறையைத் தினமும் மாலையில் போட்டால் பத்து நிமிடம். பருவக் கடைசியில் போடலாம் என்று விட்டால் பத்து வாரம்.

கரியும் காலமும்

கொற்கையில் 1968-69ல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த கரி பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 785 என்ற காலத்தைத் தந்தது. அரை நூற்றாண்டாக அந்த எண்ணை மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருக்கிறோம். சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 1155 என்று 2021ல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. எண் கிடைப்பது பெரிய விஷயம்தான். ஆனால் திட்டம் போடுகிறவர் எண்ணைச் சுற்றியுள்ள சிக்கலையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கரி, தானியத்தின் வயதைக் காட்டும் ரேடியோ கார்பன் அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற ஒரு வளைகோடு இருக்கிறது. பொ.ஆ.மு. 800 முதல் 400 வரை அந்தக் கோடு ஏறக்குறையத் தட்டை. நமக்கு மிகவும் வேண்டிய நூற்றாண்டுகள் அவைதான். ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் விடை முந்நூறு, நானூறு ஆண்டு அகலத்துக்கு வந்து நிற்கும். இதற்கு மருந்து, ஒரே ஒரு மாதிரியை அனுப்பாமல் ஒரே குழியின் மண்சுவரில் கீழிருந்து மேலாக ஐந்தாறு மாதிரி எடுப்பது. அடுக்கின் வரிசை தெரிந்திருந்தால் அந்தத் தட்டைக்குள்ளும் ஓரளவு முன்பின் பிரிக்கலாம். பணம் ஒதுக்கும்போதே அதற்கு ஒதுக்குங்கள், கடைசியில் மிச்சம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மிச்சம் இருக்காது.

பெரிய மரத்தின் கரியைவிட நெல், பயறு போன்ற ஒற்றைத் தானியம் மேல். பனங்கட்டையோ வேங்கையோ எத்தனை ஆண்டு உத்தரமாகக் கிடந்து பிறகு எரிந்தது என்று யாருக்குத் தெரியும்? தானியம் அந்த ஆண்டு விளைந்தது. அதைப் பிடிக்க, அடுப்பு, குப்பைக் குழி மண்ணை வாளி வாளியாகத் தண்ணீரில் கரைத்து மிதப்பதை மெல்லிய வலையில் வடிகட்ட வேண்டும். திரட்டுக்குப் பக்கம் குளமோ ஆழ்துளைக் கிணறோ இருக்கிறதா என்று பார்ப்பதும் அதனால்தான் திட்டத்தில் சேரும். மாதிரியைக் கையால் தொடாமல் சுத்தமான கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பீடி, சிகரெட்டைக் குழிக்கு வெளியே வையுங்கள். சாம்பல் மண்ணில் பீடிச் சாம்பலைப் பிரித்தெடுக்க எந்த ஆய்வகத்தாலும் ஆகாது.

ஓடு, பை, சீட்டு

தோண்டும் ஒரு நாளுக்கு ஓட்டு வேலை இரண்டு நாள் என்று வையுங்கள். பானை ஓட்டு முற்றத்தைக் குழியைப் போலவே கட்டம் கட்டிச் சுண்ணாம்புக் கோட்டில் பிரித்து, எந்தக் குழி, எந்த அடுக்கு என்று பலகை நட்டுப் பரப்புங்கள். கீறலோ எழுத்தோ இருக்கும் ஓட்டைத் தேய்த்துக் கழுவாதீர்கள். உள்ளே கருகல் படிந்த ஓட்டைக் கழுவவே கழுவாதீர்கள், என்ன சமைத்தார்கள் என்பது அதில் இருக்கிறது.

ஒவ்வொரு பைக்கும் சீட்டு இரண்டு: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. எழுதுவது பென்சிலில். சித்திரைக் கோடை மழை ஒரு மாலை வந்து, ஸ்கெட்ச் பேனாவில் நான் எழுதிய பதினொரு சீட்டையும் நீலக் கறையாக்கிவிட்டுப் போனது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: ஒன்றரை மீட்டருக்குக் கீழே போனால் படி வெட்டி இறங்குங்கள், மணல் மண்ணில் சுவர் சொல்லாமல் விழும். காலையில் முதலில் இறங்குகிறவர் கம்பால் மூலைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும். விரியன் இரவில் குழிக்குள் விழுந்து ஏற முடியாமல் கிடக்கும். சுற்றிக் கயிறு மட்டும் கட்டினால் ஆடு மதிக்காது, முள் அடையுங்கள்.

மூடுவதும் திட்டம்தான்

ஆதிச்சநல்லூரில் 1876ல் யாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரியா எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. ஊரில் இருந்தவர்கள் தங்கள் பரம்பிலிருந்து வந்ததைப் பார்க்க ரயில் ஏற வேண்டியிருந்தது. இப்போது ஆதிச்சநல்லூரிலேயே தளத்தில் காட்சிக்கு வைக்கிறார்கள், திருநெல்வேலியில் பொருநை அருங்காட்சியகம் வந்திருக்கிறது. நீங்களும் குழி திறந்திருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஊருக்கென்று ஒதுக்கி, பள்ளிப் பிள்ளைகளையும் ஆச்சிமாரையும் அழைத்துக் காட்டுங்கள். சோடா குண்டு போன்ற உண்மைகள் அப்போதுதான் வெளியே வரும்.

திரட்டில் எப்போதும் ஒரு பங்கைத் தொடாமல் விடுங்கள். இன்னும் ஐம்பது ஆண்டில் வருகிறவர் கையில் நம்மிடம் இல்லாத கருவி இருக்கும். எந்தப் பக்கத்தைத் தொடவில்லை என்று அறிக்கையில் படத்தோடு எழுதுங்கள்.

மூடும்போது குழியின் அடியில் நெய்த பாலித்தீன் சாக்கை விரித்து, மேலே ஒரு சாண் ஆற்று மணல் பரப்பி, அதற்கு மேல் அடிமண், கடைசியில் மேல்மண். சாக்குக்கும் மணலுக்கும் நடுவில் அந்த ஆண்டு அச்சடித்த நாணயம் ஒன்றைப் போடுங்கள். பிறகு இங்கே தோண்டுகிறவர் அதைப் பார்த்ததும், இந்த ஆழம் வரை யாரோ வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எப்போது வந்தார்கள் என்று தெரிந்துகொள்வார். நான் பத்து ரூபாய் நாணயம் போடுவது வழக்கம். நம் ஊர்க் கடைகளில்தான் அதை வாங்க மாட்டேன் என்கிறார்களே.